சிவப்பு தெரியாத பிலிம்

"பாய், முகம் கறுப்பா விழுற மாதிரி பிலிம் ஏதாச்சும் இருக்கா?"

அலாவுதீன் பழுது பார்த்துக்கொண்டிருந்த கைக்கடிகாரத்தைக் கீழே வைத்தார். இத்தனை வருஷக் கடை வாழ்க்கையில் யாரும் அவரிடம் இப்படிக் கேட்டதில்லை.

"எல்லாரும் வெள்ளையா விழணும்னு கேப்பாங்க. நீங்க என்ன தம்பி, தலைகீழா கேக்குறீங்க?"

"இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆர்த்தோ. பழைய சரக்கு. அதுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பா எது இருந்தாலும் கறுப்புன்னு எழுதிப்புடும். நம்ம ஆளுங்க தோல்ல சிவப்பு ஓடுதுல்ல, அதனால மாநிறமா இருக்கிறவங்களும் அடுப்புக்குள்ளேருந்து வந்த மாதிரி விழுவாங்க. கடலு, கட்டடம் எடுக்கலாம். மனுசன எடுத்தா சண்டைக்கு வருவான். நீங்க எப்பவும் பான்தானே வாங்குவீங்க? அதுல எல்லா நெறமும் ஒழுங்கா விழுமே?"

"இந்த வாரம் பான் வேணாம் பாய். ஆர்த்தோ குடுங்க."

சேதுராமன் அந்தக் கடைக்கு ஐந்து வருஷ வாடிக்கை. தண்ணீர் இலாகாவில் குமாஸ்தா, வயது முப்பத்தொன்று, தனிக்கட்டை. சீமைக்குத் திரும்பிப்போன துரை ஒருவரிடமிருந்து வாங்கிய ஜெர்மன் காமிரா ஒன்று வைத்திருந்தான். யுத்தத்துக்கு முந்தியது. மூடினால் சட்டைப்பைக்குள் போய்விடும், திறந்தால் துருத்தி முன்னால் நீளும். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டதும் நேரே அலாவுதீன் கடைக்கு வந்து, மறுநாளைக்கு என்ன பிலிம் என்று அரை மணி நேரம் யோசிப்பான். தெங்கேராக் கடற்கரையில் நல்ல வெயில் என்றால் மெதுவான பிலிம். மேகம் கட்டியிருந்தால் வேகமான பிலிம். ஒரு சுருளுக்கு எட்டே படம். ஒவ்வொன்றையும் அவன் கால் மணி நேரம் யோசித்து எடுப்பதற்குள் படகு போய்விடும், அல்லது வெயில் போய்விடும். அந்த யோசனையே அவனுக்குச் சுகமாக இருந்தது. முடிவு எடுப்பதுதான் கொஞ்சம் கஷ்டம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவன் எடுக்கப்போவது கடலை அல்ல. எதிர்வீட்டு விஜயாவை.

மலாக்கா ஊரில், காஜா பேராங் தெருவில் அவன் வாடகைக்கு இருந்தது ஒரு மலாக்காச் செட்டி வீட்டின் முன்னறையில். வீட்டுக்கார அம்மா பாஜு கெபாயா உடுத்தி, நெற்றியில் திருநீறு பூசி, மலாயில் மட்டும் பேசுவாள். எதிர்வீட்டில், ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் அப்பாசாமியின் குடும்பம். அவருடைய மகள் விஜயா, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, தினமும் காலை ஏழு மணிக்குக் குடையோடு வெளியே வருவாள். மூன்று வருஷத்தில் அவளோடு சேதுராமன் பேசியது ஏழெட்டு வாக்கியம் இருக்கும். எல்லாம் மழையைப் பற்றி. ஆனால் கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று அவன் தீர்மானித்திருந்தான். அந்தத் தீர்மானம் அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

தெரிய வேண்டியவள் தெலுக் ஆன்சனில் இருந்த அக்கா அஞ்சலை. ஜப்பான்காரன் காலத்தில் அப்பா சயாம் ரயில் வேலைக்குப் போய்த் திரும்பாத பிறகு அவனை ஆளாக்கியது அவள்தான். மலாக்கா பக்கம் ஒருதரம்கூட வந்ததில்லை. ஆனாலும் மாதம் தவறாமல் கடிதம் வரும். 'உனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடக்கமாக, நல்ல நிறமாக அமைய வேண்டும்.' அவளிடம் விஜயா பேச்சை எடுப்பதென்றால் ஒரு தகுதியோடு எடுக்க வேண்டும் என்று சேதுராமன் நினைத்தான். ஆகஸ்டில் மலாயா சுதந்திரம் அடையும், துரைமார்கள் கிளம்புவார்கள், எல்லாரும் ஒரு நாற்காலி மேலே போவார்கள், தலைமைக் குமாஸ்தா நாற்காலி தனக்கு வரும், அப்போது சொல்லலாம். இப்படி அவனுடைய கல்யாணம் நாட்டு சுதந்திரத்துக்காகக் காத்திருந்த வேளையில்தான், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பாசாமி வந்து நின்றார்.

"தம்பி, விஜயாவுக்கு ஒரு எடம் பாக்குறோம். போட்டோ கேப்பாங்க. நீங்க வந்து ஒண்ணு எடுத்துக் குடுக்கணும்."

"ஸ்டூடியோவுல எடுத்தா நல்லா வருமே ஐயா."

"அங்க யாரோ எவரோ. நீங்களே வந்து பாத்து எடுக்கணும்னுதான் வீட்டுல பிரியப்படுறாங்க."

"மாப்பிள்ள யாரு?"

அப்பாசாமி சிரித்தார். "பேசி முடியிறதுக்கு முன்னால அத வெளிய சொல்றது வழக்கமில்லையே தம்பி. நல்ல பையன். கவர்மெண்டு உத்தியோகம். குடி, சீட்டு ஒண்ணும் கெடையாது."

யாரென்றே தெரியாத அந்த நல்ல பையன் மேல் சேதுராமனுக்கு அப்படி ஒரு வயிற்றெரிச்சல் வந்தது. எதிரே நின்றவரிடம் 'பெண்ணை எனக்குக் கொடுங்கள்' என்று மூன்று வார்த்தை சொல்லியிருக்கலாம். அது சேதுராமனால் ஆகிற காரியமா? மறுநாள் மத்தியானம் அலாவுதீன் கடைக்குப் போய் ஆர்த்தோ பிலிம் வாங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாசாமி கழுத்துவரை பொத்தான் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி பாக்கியலட்சுமி தட்டில் கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். ஒரு போட்டோ எடுக்க இத்தனை உபசாரமா என்று சேதுராமனுக்கு மனசு உறுத்தியது. உறுத்தலோடு நான்கு பஜ்ஜி சாப்பிட்டான். காப்பியை விஜயாவே கொண்டுவந்தாள். சிவப்புப் பட்டு உடுத்தியிருந்தாள். ஆர்த்தோவில் அது கன்னங்கரேலென்று விழும் என்று அவன் கணக்குப் போட்டுக்கொண்டான்.

"எங்க நிக்கணும்?"

"அந்த மாமரத்துக்குக் கீழ. வெளிச்சம் பின்னாடி இருக்கட்டும்."

"சிரிக்கணுமா?"

"வேணாம்."

ஏழு படம் வரைக்கும் அவன் சொன்னபடி நின்றாள். எட்டாவதில் என்ன நினைத்தாளோ, அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சேதுராமன் அதையும் எடுத்துக்கொண்டான்.

காமிராவை மூடிக்கொண்டிருந்தபோது அப்பாசாமி மெல்ல ஆரம்பித்தார். "தம்பி, மனசு விட்டுச் சொல்லுங்க. மாப்பிள்ள குமாஸ்தா வேலதான். அந்தச் சம்பளத்துல ஒரு குடும்பம் நடத்த முடியுமா?"

தெய்வமே பார்த்துக் கொடுத்த சந்தர்ப்பம் என்று சேதுராமன் நினைத்தான்.

"குமாஸ்தாவா? வேண்டவே வேணாம் ஐயா. பேனா உருட்டுறவனுக்குப் பொண்ணக் குடுத்து என்ன காணப்போறீங்க? நானும் குமாஸ்தாதானே, எனக்குத் தெரியாதா? பொண்டாட்டிக்கு ஒரு பொடவ எடுக்கணும்னா ஆறு மாசம் யோசிப்பான். அதுக்கு லோரி வச்சிருக்கிறவன் எவனுக்காச்சும் குடுக்கலாம்."

பாக்கியலட்சுமி திகைத்துப்போய்க் கணவனைப் பார்த்தாள். அப்பாசாமி மட்டும் பெருந்தன்மையாகச் சிரித்தார். "தம்பி ரொம்பத் தன்னடக்கமாப் பேசுறீங்க."

இதில் தன்னடக்கம் எங்கே வந்தது என்று அவனுக்கு விளங்கவில்லை. உள்ளே கதவோரமாக நின்றிருந்த சிவப்புப் புடவை நகர்ந்து மறைந்தது.

அலாவுதீன் கழுவிக் கொடுத்த படம் கறுப்பாகத்தான் வந்தது. சேதுராமனுக்கு அது போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் கறுப்பாப் போடுங்க பாய்."

"இதுக்கு மேல போட்டா படம் இருக்காது, அட்டதான் இருக்கும். யாரு பெத்த பொண்ணோ தெரியல. பாவத்துல எனக்கும் ஒரு பங்கு வைக்கிறீங்க."

அந்தப் படத்தை அப்பாசாமி வெகுநேரம் பார்த்தார். "எங்க விஜயா இப்பிடியா இருக்கு?"

"காமிரா பொய் சொல்லாது ஐயா" என்றான் சேதுராமன்.

தரகர் தம்பிராஜா படத்தை எடுத்துக்கொண்டு வடக்கே போனார். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தார். நிறம் போதாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். சேதுராமன் அன்றைக்கு இரண்டு தட்டு மீ கோரெங் வாங்கிச் சாப்பிட்டான்.

சந்தோஷம் ஒருநாள் நின்றது. மறுநாள் காலை ஏழு மணிக்குக் குடை வெளியே வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. எதிர்வீட்டுப் பெண் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று வீட்டுக்கார அம்மா மலாயில் சொல்லி உச்சுக்கொட்டினாள். சேதுராமனுக்குக் கேவலமாக இருந்தது. ஒரு பெண்ணை அவள் கண்ணுக்கே அசிங்கமாக்கிவிட்டோம் என்று தெரிந்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது. அழுது முடித்ததும் யோசித்தான். யோசித்து வழக்கம்போல ஒரு பிலிம் வாங்கினான்.

"பானா?" என்றார் அலாவுதீன். "அல்ஹம்துலில்லா."

இந்தத் தடவை பஜ்ஜி இல்லை. பாக்கியலட்சுமி ஒரு தம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். துக்கப்பட்ட வீடு, அப்படித்தான் இருக்கும் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

"மறுபடியும் எதுக்கு?" என்று கேட்டாள் விஜயா.

"போன தடவ பிலிம் சரியில்ல."

"பிலிம் மட்டுந்தானா?"

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. சேதுராமன் குனிந்து காமிராவைப் பார்த்துக்கொண்டான். "கொஞ்சம் எடது பக்கம் திரும்புங்க" என்றான்.

காலை வெளிச்சம் சுவரில் பட்டுத் திரும்பி அவள் முகத்தில் விழுந்தது. அவள் சிரிக்கவில்லை. யாரோ ஒருவரைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள். அவன் வாழ்நாளில் எடுத்த படங்களிலேயே அதுதான் நல்ல படம்.

நான்கு பிரதி போட்டான். இரண்டு அப்பாசாமிக்கு, ஒன்று தனக்கு, ஒன்று அக்காவுக்கு. இந்தத் தடவை நிச்சயமாக எழுதிவிடுவது. பெற்றவர்களிடம் கொடுத்து ஆறுதல் சொல்லப் போன இடத்தில் தரகர் தம்பிராஜா வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அதே பொண்ணா இது?" என்று படத்தைப் பிடுங்கினார். "அலாமா, இத வச்சிக்கிட்டு பத்து நாளுல முடிச்சுக் காட்டுறேன்."

"அதுல மூலையில ஒரு கற இருக்கு. வேற போட்டுத் தர்றேன், குடுங்க."

"தாப்பா தம்பி, பரவாயில்ல. மூலையையா கட்டிக்கப்போறான்?"

சேதுராமன் வீட்டுக்கு ஓடி அக்காவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தான். முதல் கடிதம் நீளம். இரண்டாவது கடிதம் மொட்டை. மூன்றாவது நன்றாக வந்தது. அதிலே 'தலைமைக் குமாஸ்தா' என்று கையெழுத்துக்குக் கீழே போட்டால் இன்னும் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. உத்தரவு வர இன்னும் ஒன்றரை மாசம்தான். கடிதத்தை மேசை இழுப்பறையில் வைத்தான்.

ஒன்பதாம் நாள் அப்பாசாமி வந்தார்.

"கிள்ளான்ல முடிஞ்சிருச்சு தம்பி. படத்தப் பாத்ததுமே சரின்னுட்டாங்க. ஆடி கழியட்டும், ஆவணியில கல்யாணம். ரெண்டு லோரி வச்சிருக்காராம், நீங்க சொன்ன மாதிரியே." பிறகு அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்க பட்டுனு சொன்னதும் நல்லதுதான். மனசுல எங்களுக்கு ஒண்ணுமில்ல."

கடைசிப் பேச்சு எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ளும் நிலையிலும் அவன் இல்லை.

மறுநாள் ஏழு மணிக்குக் குடை அவன் வாசலில் நின்றது. "படம் நல்லா இருக்குன்னு சொன்னாங்க" என்றாள் விஜயா. "மழ வரும்போல" என்றான் சேதுராமன். அவள் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகஸ்டு முப்பத்தொன்று வந்தது. தெருவெல்லாம் கொடி கட்டினார்கள். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தது, சேதுராமனுக்கு நாற்காலி கிடைத்தது. அலாவுதீன் பான் பிலிம் இரண்டு சுருளைத் தானாகவே எடுத்து வைத்து, ஊர்வலத்துக்கு வேகமானது போதுமா என்று கேட்டார். சேதுராமன் வேண்டாமென்று சொல்லிவிட்டான். ஊரே படம் எடுத்துக்கொண்டிருந்த அன்று அவன் காமிரா பெட்டிக்குள் கிடந்தது.

விடுமுறைக்கு அக்கா அஞ்சலை முதல் தடவையாக மலாக்காவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பியின் அறை குப்பையாகக் கிடக்கிறது என்று திட்டிக்கொண்டே மேசை இழுப்பறையை ஒழித்தாள். கடிதத்துக்கு அடியில் இருந்த படம் அவள் கையில் கிடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"யாருடா இந்தப் பொண்ணு? மகாலச்சுமி மாதிரி இருக்கா. இப்பிடி ஒருத்தியத்தான்டா உனக்கு நான் ஊரு ஊராத் தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள் அக்கா. "வைகாசியில ஒரு தரகரு ஒரு படத்தத் தூக்கிக்கிட்டு வந்தாரு. இதே காஜா பேராங்தானாம், யாரோ டிரெஸ்ஸரு மகளாம். உன் தம்பியே நேர்ல வந்து பொண்ணு பாத்து, பஜ்ஜி சாப்புட்டுட்டுப் போயிட்டாருன்னு பொய் வேற. படத்தப் பாத்தா அடுப்புக்கரி. என் தம்பிக்கா இதுன்னு சொல்லி நாந்தான் திருப்பி அனுப்பிட்டேன்."