நாள் குறிக்கப் பெண் வராத காரணம்

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி ஜெயராஜ் அண்ணன் அவர்களுக்கு, எட்வர்ட் தோத்திரத்துடன் எழுதுவது. இங்கு யாவரும் சுகம். அங்கு சாராள் அண்ணியாரின் முழங்கால் வலியும் தங்கள் கோபமும் தணிந்திருக்க ஜெபிக்கிறேன். போன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை, ஆகவே கடிதம்.

ஞாயிறு ஆராதனை முடிந்து கல்யாண நாள் குறிக்கத் தாங்கள் பெரியவர்களோடு வந்து உட்கார்ந்திருக்க, என் மகள் ஜெனிபர் வீட்டுக்கே வராதது மரியாதைக் குறைவுதான். தங்கள் மகன் பென்னி தம்பியைப் பிடிக்காமல் அல்ல. தேர்வாய் கண்டிகை கம்பெனியில் பெயிண்ட் காயவைக்கிற பெரிய அடுப்புக்கு இவள்தான் புரோகிராம் எழுதுகிறாள். அடுப்புச் சூடு புரோகிராம் தொடாமலே மாறுமாம், அதனால் அதன் பேருக்கு முன்னால் 'வாலட்டைல்' என்று போடுவார்களாம். முன்னே பார்த்ததை நம்பாதே, ஒவ்வொரு தடவையும் போய்ப் பார் என்று அர்த்தமாம். அப்படிப் போட்டதை மொத்தமாகக் காப்பி எடுக்கக் கம்ப்யூட்டர் ஒத்துக்காது. கூட வேலை செய்யற ஆளு ஒருத்தரு அந்த வார்த்தைய மறைச்சுட்டு காப்பி எடுத்துட்டாரு, கம்ப்யூட்டரும் சரின்னுடுச்சு. அப்புறம் இன்னா, உள்ள அடுப்பு கொதிச்சிகினு கீது, வெளிய போர்டுல அந்தக் காப்பிதான், காலைல பாத்த சூடே நிக்குது. ஆறிதான் கீதுன்னு நம்பி அந்த ஞாயித்துக்கெழமதான் திலகவதின்னு வேலை செய்யற பொண்ணு கதவைத் தொறந்துட்டுது. முன்முடி கருகினதோட தப்பிச்சுது.

உங்களை உக்கார வெச்சிட்டு, இவளைக் கூப்பிட நான் வண்டில போனேன். "நைனா, அவங்கள சாப்புடச் சொல்லு. இத்த இப்புடியே வுட்டுட்டு வந்தா நாளைக்கு இன்னொருத்தி தொறப்பா"ன்னா. "காப்பியே எடுக்காம வுட்டா இன்னாம்மா?"ன்னேன். "எடுக்கலாம் நைனா. மொத்தமா வாரிக்கினு போவக்கூடாது. ஒண்ணொண்ணா நேர்ல பாத்து எழுதிக்கணும்"னா. திலகவதி பயம் தெளியாம இவ துப்பட்டாவைப் புடிச்சிகினு பக்கத்துலயே குந்தியிருந்துது. அதுக்கு மேல நான் கூப்புடல. ரெண்டு பேருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டு கம்பெனி கேட்டாண்ட நின்னுகினு இருந்தேன். வேலைய முடிச்சிட்டு வந்து, "அவங்க போயிட்டாங்களா நைனா?"ன்னு கேட்டுட்டு வண்டில பின்னாடி ஏறிக் குந்திகினா. வழி பூரா என் முதுகுல அவ கண்ணீர் ஈரம் பட்டுது.

அண்ணே, உங்க ஊட்ல யாரு மொகம் வாடினாலும் அவ நேர்ல வந்து கேப்பா. அவளுக்காக வேற ஒரு நாள் குறிக்க மனசு வையுங்க. நானே வந்து கையைப் புடிச்சு மன்னிப்புக் கேக்கறேன்.

அண்ணியாருக்கு என் அன்பு. கர்த்தர் தங்கள் வாசலைச் சமாதானத்தால் நிரப்புவாராக.

இப்படிக்கு,
எட்வர்ட்

பி.கு.: கவரை ஒட்டும்போது ஜெனிபர் போன் பண்ணா. வேலைக்குப் போயிருக்கான்னு நான் நெனச்சினு கீற பொண்ணு, உங்க ஊட்ல குந்தி அண்ணி வெச்ச மீன்கொழம்பு சாப்புடுறாளாம். நீங்களும் அவளும் காலண்டரைப் பாத்து நாளும் குறிச்சிட்டீங்களாம். ரொம்ப சந்தோசம். இந்தக் கடுதாசியப் படிக்க வேணாம். அது எந்த நாளுன்னு மட்டும் யாராவது எனக்கும் சொல்லுங்க.