பெல்லமி முனையின் அசல் ஊர்க்காரர்கள்

உலகத்தில் தலைநகரங்கள் பல உண்டு. ரோம் உண்டு, லண்டன் உண்டு. அவற்றையெல்லாம் தராசின் ஒரு தட்டிலும், பசிபிக் கடலோரத்து எங்கள் பெல்லமி முனையை மறு தட்டிலும் வைத்தால், எங்கள் தட்டு சற்றே மேலே போகும். ஊர் சிறியது என்பதுதான் காரணம். பெருமை குறைவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. போன வசந்தகாலம் வரை நாங்களும் ஒரு தலைநகரம்தான். மாவட்டத் தலைநகரம்.

சுற்றுலாப் பயணிகளுக்கான புத்தகத்தில் போடுவதற்கு ஓர் "ஊர் அறிமுகம்" கேட்டிருக்கிறார்கள். எழுதும் பொறுப்பு ஏகமனதாக என் தலையில் விழுந்தது. அதாவது, நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை.

ஊரின் முக்கியத் தொழில் மீன்பிடிப்பு என்று நுழைவாயில் பலகை சொல்லும். உண்மையான தொழில் மாவட்டம் முழுவதையும் மிரட்டி இங்கே வரவழைப்பதுதான். வரி கட்ட, வழக்காட, வேகமாகக் கார் ஓட்டி மாட்டிக்கொண்டதற்கு அபராதம் செலுத்த, எல்லோரும் எங்கள் நீதிமன்றக் கட்டடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். வந்தவர்கள் வாசலுக்கு எதிரே இருக்கும் டொரீனின் உணவுக்கடையில் காப்பி குடித்து, ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பண்டத்தைச் சாப்பிட்டு, கிளைடு ஆஸ்ட்ரமின் இரும்புக்கடையில் தேவையில்லாத சுத்தியல் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார்கள். நான் அதே கட்டடத்தில் நிலப்பதிவுப் பிரிவில் வேலை பார்த்தேன். ஊரே அந்தக் கட்டடத்தைத்தான் தின்றுகொண்டிருந்தது.

எங்கள் இரண்டாவது பெருமை, நாங்கள் அசல் ஊர்க்காரர்கள் என்பது. என் தாத்தா ஹக்காலா பின்லாந்திலிருந்து கப்பலேறி வந்து இறங்கினார். இறங்கிய மறுநாளே, அடுத்த கப்பலில் வந்தவர்களை "வெளியூர்க்காரர்கள்" என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு முன்பே இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தவர்கள் அவரை என்னவென்று அழைத்தார்கள் என்பதை நாங்கள் விசாரித்ததில்லை.

டொரீன் நெப்ராஸ்காவிலிருந்து வந்தவள். வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஊரில் யார் செத்தாலும் அந்த வீட்டுக்கு முதலில் போகிற சாப்பாடு அவளுடையதுதான். ஆனாலும் அவள் புதிதாக வந்தவள். அசல் ஊர்க்காரருக்கும் புதியவருக்கும் உள்ள வித்தியாசத்தை நாங்கள் விஞ்ஞானபூர்வமாக வகுத்திருந்தோம்: மட்டிச் சிப்பி கிடைக்கிற இடம் தெரிந்தவர் ஊர்க்காரர். எங்கள் கடற்கரையில், கடல் நன்றாக வற்றும் வேளையில், மணலுக்குள் புதைந்திருக்கும் மட்டியைத் தோண்டி எடுப்போம். அரசு அனுமதிக்கிற ஒருசில நாட்களில்தான் தோண்டலாம். எந்த இடத்தில் தோண்டினால் வாளி நிறையும் என்பதை அப்பன் மகனுக்குச் சொல்வான். மருமகனுக்குக்கூடச் சொல்ல மாட்டான். டொரீனுக்கு யார் சொல்வது?

நிற்க. உள்நாட்டில் ஹால்பர்ட் என்றொரு ஊர். கடல் கிடையாது, சரித்திரம் கிடையாது. கார் நிறுத்த இடம் மட்டும் ஏராளம். நீதிமன்றத்தையும் மாவட்ட அலுவலகங்களையும் அங்கே மாற்றிவிடலாம் என்று மாவட்டக் குழுவுக்கு ஒரு யோசனை வந்தது. முடிவெடுக்குமுன் எங்கள் ஊர் நீதிமன்றத்திலேயே ஒரு "கருத்துக் கேட்பு". உள்ளூர்க்காரர்கள் திரண்டு வந்து ஆட்சேபித்தால் யோசனையைக் கைவிடுவார்கள். வராவிட்டால் கட்டடத்துக்குப் பூட்டு.

"தலைநகர் பாதுகாப்புக் குழு" உடனே உதயமாயிற்று. தலைவர் அடியேன். டொரீனின் கடையில் கூடினோம். நான் ஆற்றிய உரையில் கிளைடு கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆப்பிள் பையில் மிளகு அதிகம் என்று பிறகு சொன்னான். ஆப்பிள் பையில் மிளகு போடுவதில்லை என்பதால் அதை உணர்ச்சியாகவே எடுத்துக்கொண்டேன்.

"நானும் பேசட்டுமா, ஆர்விட்?" என்று கேட்டாள் டொரீன். "கட்டடம் போனா முதல்ல மூடறது என் கடைதான்."

"வேணாம் டொரீன், தப்பா நினைக்காதே," என்றேன் தலைவருக்குரிய பரிவோடு. "ஊர்க்காரங்க பேசினாத்தான் எடுபடும். வெளியூர் ஆளு பேசினா, பாரு, இவங்களுக்குப் பேசவே ஆள் இல்லைன்னு நினைச்சிடுவாங்க."

"முப்பது வருஷம் ஆச்சேப்பா."

"வருஷத்துல என்ன இருக்கு? நீ வந்து பின்னால உக்காரு. கைதட்ட ஆள் வேணும்ல?"

அவள் காப்பிக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனாள். கூட்டம் இனிது முடிந்தது. ஒருவர் விடாமல் ஊரே வருவதாக வாக்களித்தது.

பிறகுதான் வந்தது அந்த அறிவிப்பு. கடலில் ஏதோ நஞ்சு என்று மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கடற்கரையை மட்டி தோண்டத் திறக்கிறார்கள். கருத்துக் கேட்பு நடக்கும் அதே நாள். அதே காலை.

எனக்கு ஒரு கணம்கூடத் தடுமாற்றம் இல்லை. ஊரே கூட்டத்தில் இருக்கும். கடற்கரை காலியாக இருக்கும். நான் ஒருவன் இல்லாததால் ஜனநாயகம் சாய்ந்துவிடாது. பழைய மீன் பதனிடும் ஆலைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல் காரை மறைத்து வைக்கலாம் என்று போனேன்.

அங்கே இடம் இல்லை. ஊரின் எல்லாக் கார்களும் மறைந்திருந்தன.

மணலில் முதலில் பார்த்தது கிளைடை. அவனுக்கு அப்பால் பாதிரியார் லுன்ட், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸோடு.

"ஏண்டா ஆர்விட், நீ தலைவன்டா!" என்று அலறினான் கிளைடு.

"நீ பொருளாளர்டா!"

"நீங்க எல்லாரும் போவீங்கன்னு நம்பித்தானடா நான் வந்தேன்! இப்படியாடா நம்பிக்கைத் துரோகம் பண்ணுவீங்க?"

"நானும் உங்களை நம்பித்தான் வந்தேன்," என்றார் பாதிரியார். "நம்பிக்கையே நம்ம ஊரோட பலம்."

கிளைடின் டிரக்கில் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டத்தை நேரடியாக ஒலிபரப்பினார்கள். நாங்கள் சுற்றி நின்றோம். ஹால்பர்ட்காரர்கள் பேருந்து பிடித்து வந்து, ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள். கார் நிறுத்துமிடத்தைப் பற்றி ஒருவர் கவிதையே வாசித்தார். பிறகு தெரிந்த குரல்.

"நான் டொரீன் ப்ரூவிட். எதிர்ல கடை வச்சிருக்கேன். இந்தக் கட்டடத்தை எடுத்துட்டா இந்த ஊர் செத்துப்போயிடும். இங்க இருக்கறவங்க வாய் பெரிசு, ஆனா மனசு கெட்டவங்க இல்ல. தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க."

எனக்கு வெட்கமாக இருந்தது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"நன்றிம்மா," என்றார் மாவட்டக் குழுவின் தலைவி. "நீங்க இந்த ஊர்தானே?"

எல்லோரும் டிரக்கை நெருங்கி நின்றோம்.

"ஆமான்னு சொல்லு!" என்று டிரக்கைப் பார்த்துக் கத்தினோம். "ஆமான்னு சொல்லு டொரீன்!" பாதிரியார் டிரக்கின் கூரையில் ஓங்கி அடித்தார்.

"அதை நான் சொல்ல முடியாதுங்க," என்றாள் டொரீன். "ஊர்க்காரங்கதான் சொல்லணும். யாராவது வந்திருந்தா கேட்டுப் பாருங்க."

யாராவது இருக்கிறார்களா என்று தலைவி கேட்டார். இரண்டாம் முறையும் கேட்டார். கொஞ்சம் இடைவேளை விட்டுப் பார்ப்போம் என்றுகூடச் சொன்னார், நல்ல மனுஷி. கடற்கரையிலிருந்து நீதிமன்றத்துக்கு ஓடினால்கூடப் போய்விடலாம். பூட்ஸோடு போய் நின்று, "அவ எங்க ஊருதான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

ஆனால் கடல் ஏற ஆரம்பித்திருந்தது. என் வாளி பாதிதான் நிறைந்திருந்தது. கிளைடு என்னைப் பார்த்தான். நான் பாதிரியாரைப் பார்த்தேன். பாதிரியார் தன் வாளியைப் பார்த்தார். யாராவது ஒருவர் போவார் என்று எல்லோரும் நம்பினோம். குனிந்து தோண்டினோம்.

கட்டடம் இப்போது பூட்டிக் கிடக்கிறது. டொரீன் ஹால்பர்ட்டில், புது நீதிமன்றத்துக்கு எதிரே கடை போட்டுவிட்டாள். எனக்கும் அங்கேதான் வேலை. தினமும் மலைச்சாலையில் கார் ஓட்டிப் போகிறேன். முதல் நாள் தயங்கித் தயங்கி அவள் கடைக்குள் நுழைந்தேன். பக்கத்தில் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு டொரீன் இவரு, நம்ம ஊரா?" என்றார்.

'நம்ம' என்றது சுருக்கென்று தைத்தது. அவள் எனக்குக் காப்பி ஊற்றினாள்.

"புதுசா வந்திருக்காரு," என்றாள்.

"இந்த ஊர்க்காரன் ஆகறதுக்கு எத்தனை வருஷம் ஆகும், டொரீன்?" என்று கேட்டேன்.

"இங்க வருஷக் கணக்கெல்லாம் இல்ல, ஆர்விட். நாளைக்கும் வந்து உக்காரு. போதும்."

மறுநாள் கடற்கரையைத் திறந்திருந்தார்கள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஆலைக்குப் பின்னால் காரை மறைத்துவிட்டு, வாளியோடு இறங்கினேன். ஊரே இருந்தது. எங்கள் பெருமைக்கு ஒரு குறைவும் இல்லை: வெளியூர்க்காரர் என்று ஒருவர்கூட மிச்சமில்லை.