துண்டு வெள்ளையாக இருந்தால்தான் படகு ஓடும்

அன்றைக்குப் படகில் ஏழு பேர் இருந்தோம். எங்கள் முதலாளி, முதலாளியம்மா, பெண் பார்க்க வந்திருந்த தாராபுரத்துக்காரர், அவர் சம்சாரம், அவருடைய அக்கா, நான், துண்டு மேஸ்திரி. ஏழு பேரும் உயிரோடு கரையேறினோம். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், இன்றைக்கும் சில நாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன்.

துண்டு மேஸ்திரியைப்போல் மரியாதை தெரியாத மனிதர் கோயமுத்தூர் ஜில்லாவில் அவருக்கு முன்னும் பிறந்ததில்லை, பின்னும் பிறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் திருடனைப் பிடித்துத் தூணில் கட்டினால்கூட, “ஏனுங்க, கயிறு இறுக்கமா இருக்குதுங்களா?” என்று விசாரித்துவிட்டுத்தான் அடிப்பார்கள். மேஸ்திரியோ சம்பளம் கொடுக்கிற முதலாளியையே இந்தப் பக்கம் வா என்பதற்கு “இக்கட்ட வா” என்பார். பிறந்ததென்னவோ ஆனைமலையில்தான். ஆனால் இருபது வருஷம் கொச்சித் துறைமுகத்தில் மோட்டார் படகு ஓட்டியவர். எஞ்சின் இரைச்சலில் கத்திக் கத்தி, பேச்சில் இருந்த மரியாதையெல்லாம் உதிர்ந்து கடலில் விழுந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

யாரைப் பார்த்தாலும் “வாங்க” கிடையாது, “சாப்பிட்டாச்சுங்களா” கிடையாது. படகில் ஏறியவர்களிடம் அவர் கேட்கிற ஒரே கேள்வி, “தலை வலிக்குதா?” இறங்கும்போதும் அதே கேள்விதான். ஒரு முறை தாசில்தார் ஒருவரை மூன்று தடவை கேட்டு, மூன்றாவது தடவையில் அவருக்கு நிஜமாகவே வலி வந்துவிட்டது.

படகு வந்த கதையைச் சொல்லவேண்டும். எங்கள் முதலாளிக்குப் பருத்தியில் கொட்டையைப் பிரித்துப் பஞ்செடுக்கிற ஜின்னிங் பாக்டரி. முப்பதுகளில் பஞ்சில் பணம் பார்த்தவர்கள் மோட்டார் கார் வாங்கினார்கள். எங்கள் முதலாளிக்கு அது போதவில்லை. கொச்சியில் ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்ற மோட்டார் படகை வாங்கிப்போட்டார். சாதாரணப் படகு இல்லை. மெத்தை போட்ட அறை, கண்ணாடி ஜன்னல், தொங்கும் விளக்கு எல்லாம் உண்டு. இரண்டு பெரிய வண்டிகளைச் சேர்த்துக் கட்டி, எட்டு மாடுகள் பூட்டி, பாலக்காட்டு வழியாக அது வந்தது. வழியோரத்து ஊர்களில் தேர் என்று நினைத்துத் தேங்காய் உடைத்தார்கள். படகின் உச்சியில் உட்கார்ந்து வந்த மேஸ்திரிக்கும் ஒரு மாலை விழுந்தது. அவர் அதைக் கழற்றி முன்மாட்டுக்குத் தின்னக் கொடுத்தார்.

ஊருக்குக் கிழக்கே இருந்த பெரிய குளத்தில் படகை இறக்கினார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், பாக்டரியில் பஞ்சுப்பொதி எண்ணுகிற வேலையில் இருந்தேன். முதலாளி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“உனக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியாதுங்க. தண்ணியப் பாத்தாலே பயமுங்க.”

“நல்லதாப் போச்சு. கவலைப்படறவன்தான் பொருளைப் பத்திரமாப் பாப்பான். நாளையிலிருந்து படகு உன் பொறுப்பு.”

கவலைப்படுவதற்காகவே சம்பளம் வாங்கிய மனிதன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்று முதல் தூக்கம் போயிற்று. படகு முழுகுமா, தீப்பிடிக்குமா, கயிறு அறுந்து தானாகப் போய்விடுமா என்று நினைத்து நினைத்துத் தினமும் எனக்குத் தலைவலி. இந்தத் தலைவலியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

மேஸ்திரிக்கு இந்தக் கவலைகளில் ஒன்றுகூடக் கிடையாது. அவர் கவலை முழுவதும் புகைக்குழாய்மேல். எஞ்சின் படகின் முன்பக்கம். அதன் புகை ஒரு குழாய் வழியாக, ஜனங்கள் உட்காரும் அறையின் தரைப்பலகைக்கு அடியில் ஓடி, படகின் பின்பக்கம் தண்ணீருக்குச் சற்று மேலே வாயைத் திறக்கும். குழாய் சுடாமலிருக்கக் குளத்துத் தண்ணீரையே அதற்குள் விட்டிருந்தார்கள். அதனால் பின்வாயில் புகையும் தண்ணீரும் கலந்து ‘பொளக் பொளக்’ என்று துப்பும். அந்தச் சத்தத்தை மேஸ்திரி சங்கீதம்போல் கண்ணை மூடிக் கேட்பார். தாளம் தவறினால் எஞ்சினை நிறுத்திவிடுவார்.

“தண்ணிக்குள்ளயே தண்ணி உட்டா, அது திரும்பி எஞ்சினுக்குள்ள போயிராதுங்களா?” என்று நான் ஒரு வாரம் யோசித்துக் கேட்டேன்.

“சேவல் தண்ணி குடிச்சா கழுத்தத் தூக்குதல்ல? இந்தக் கொழாயும் நடுவுல கழுத்தத் தூக்கியிருக்குது பாரு. தண்ணி மேட்டுல ஏறாது. உனக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணுமில்ல, அதான் புரியல.”

புகையின் நிறத்தைப் பார்த்து வைத்தியர்போல் சொல்லுவார். கறுப்பாக வந்தால், “பெட்ரோல் அதிகமாத் தின்னுருச்சு, செரிக்கல.” நீலமாக வந்தால், “எண்ணெய் குடிக்குது, திருட்டுக் கழுதை.” வெள்ளையாக ஆவி பறந்தால், “தாகம். தண்ணி ஏறல.” சொல்லிவிட்டு, தண்ணீர் இழுக்கிற வாயில் அடைத்துக்கொண்ட பாசியைப் பிடுங்கி என்மேலேயே எறிவார்.

துண்டு என்ற பெயர் வந்த கதைக்கு வருகிறேன். எஞ்சின் மேஸ்திரி என்றால் எண்ணெய்ப் பிசுக்கோடு இருப்பான் என்றுதானே நினைப்போம்? இவர் தும்பைப்பூ நிறத்தில் ஒரு துண்டு போட்டுக்கொண்டு வருவார். காலையில் எஞ்சினைக் கால்மணி நேரம் ஓடவிட்டு, தரைப்பலகையைத் திறந்து, குழாயின் ஒவ்வொரு மூட்டிலும் அந்தத் துண்டைச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். பிறகு எடுத்து வெயிலில் விரித்துப் பார்ப்பார். எங்காவது கசிவு இருந்தால் வெள்ளைத் துணியில் கரி பொட்டு வைத்ததுபோல் தெரியும். பார்த்ததும் துண்டைக் கரையில் ஒரு கம்பத்தில் தொங்கவிடுவார். வெள்ளையாக இருந்தால் படகு ஓடும். காலணா அகலத்துக்குக் கறுப்பு இருந்தாலும் படகு அன்றைக்கு ஓடாது. முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றாலும் ஓடாது.

துண்டில் பட்ட கறை வெளுத்தாலும் போகாது. மாதம் நாலு துண்டு புதிதாகக் கேட்பார். ஒவ்வொன்றும் நாலணா. “ஏனுங்க மேஸ்திரி, இது படகுங்களா, நாவிதன் கடைங்களா?” என்று நானே ஒரு தடவை கேட்டுவிட்டேன்.

அன்றைக்குத்தான் அவர் கொஞ்சம் பேசினார். “பொகை நாறுனா நல்லது. மூக்கு சொல்லிப்போடும். நாறாத பொகை ஒண்ணு இருக்குது. அது முதல்ல தலைய வலிக்க வெக்கும். அப்பறம் தூங்க வெக்கும். கொச்சியில என்கூட இருந்தவன் அறைக்குள்ள படுத்திருந்தான். தூங்கறான்னு நெனச்சு நான் சத்தம் போடாம நடந்தேன்.” அவ்வளவுதான் சொன்னார். நான் போய் நாலு துண்டு வாங்கி வந்தேன்.

முதலாளியின் மகளைப் பெண் பார்க்கத் தாராபுரத்திலிருந்து ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்த நாளுக்கு இப்போது வருகிறேன். மாப்பிள்ளையின் அப்பா சாது. அம்மா அதைவிடச் சாது. முடிவெல்லாம் அந்த அக்கா கையில்தான், அதாவது மாப்பிள்ளைப் பையனின் அத்தை. காலையிலிருந்து அந்த அம்மாள் வாயிலிருந்து “ஆகட்டுங்க, பாக்கலாமுங்க” என்பதற்குமேல் ஒரு சொல் வரவில்லை. சாப்பாடு முடிந்ததும் படகில் ஒரு சுற்று என்று முதலாளி எங்களுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

இங்கே குளக்கரையில் காலைத் துண்டில் ஒரு பொட்டு. கடைசி மூட்டில் கசிவு. மேஸ்திரி கல்நார்க் கயிற்றைச் சுற்றி, பட்டை போட்டு இறுக்கினார். “ரண்டு மணி நேரம் ஆளில்லாம ஓட்டிப் பாக்கோணும். அப்பறம்தான் ஆளு” என்றார். அரைமணி ஓடியிருக்கும், வில்வண்டி வந்துவிட்டது.

முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னிக்குப் படகு ஓடலீன்னா நாளைக்கு நீ வர வேண்டியதில்ல” என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. அப்போது என் மனைவிக்கு ஏழாம் மாதம். நான் மேஸ்திரியின் காலில் விழாத குறை.

அவர் தரைப்பலகையைத் திறந்து கைவிட்டு வேலை பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “சரி. ரண்டு விசயம். முன்னால சன்னல் தொறந்தே இருக்கோணும். கடைசி மூட்டுல புதுத் துண்டு சுத்தியிருக்கறேன். நீ அதுமேல இருக்கற பலகையில உக்காந்துக்க. ஒவ்வொரு சுத்துக்கும் எடுத்துப் பாரு. கறுத்தா என்னைக் கூப்புடு. வெக்கப்படாத.”

படகு கிளம்பியது. மேஸ்திரி முன்னால் வெளியே நின்று ஓட்டினார். மற்ற ஆறு பேரும் அறைக்குள். தூறல் பிடித்தது. பின்னாலிருந்து காற்று வேறு.

அத்தையம்மாள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, “காத்து கொஞ்சம் சில்லுனு இருக்குதுங்க. இருந்துட்டுப் போகட்டுமுங்க” என்றார்.

முதலாளி என்னைப் பார்த்தார். சம்பந்தி வீட்டு அம்மாளுக்குச் சளி பிடித்தால் சம்பந்தம் போகும், சம்பந்தம் போனால் என் வேலை போகும். நான் எழுந்து போய் ஜன்னலை மூடினேன். பின்கதவையும் சாத்தினேன்.

முதல் சுற்று முடிந்ததும் பலகையைத் தூக்கித் துண்டை உருவினேன். கரிச்சட்டி துடைத்ததுபோல் இருந்தது. நிமிர்ந்தால் முதலாளியின் கண் நேராக என்மேல். ஒறம்பரைக்கு முன்னால் அந்த அழுக்கை விரித்துக் காட்டவா? நான் துண்டைச் சுருட்டி என் பின்னால் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டேன்.

தலை வலித்தது. அதுதான் எனக்குத் தினமும் வலிக்கிறதே! உலகத்தில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பயந்தவன், பயப்படவேண்டிய ஒன்றை மட்டும் வழக்கமான சங்கதி என்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது சுற்றில் பேச்சுக் குறைந்தது. தாராபுரத்துக்காரர் கொட்டாவி விட்டார். முதலாளி பதிலுக்கு விட்டார். முதலாளி வரதட்சணையைப்பற்றி இலேசாக ஆரம்பிக்க, அத்தையம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். முதலாளிக்குப் பரம சந்தோஷம். அது சம்மதம் அல்ல, தூக்கத்தில் விழுகிற தலை என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

முன்கதவைத் திறந்து மேஸ்திரி தலையை நீட்டினார். “தலை வலிக்குதா?”

“இல்லீங்க, சொகமா இருக்குதுங்க” என்றார் தாராபுரத்துக்காரர், நெற்றிப்பொட்டைப் பிடித்துக்கொண்டே.

“விருந்து கொஞ்சம் பலமுங்க, அவ்வளவுதானுங்க” என்றார் அவர் சம்சாரம்.

“நெம்ப நல்லாருக்குதுங்க” என்ற அத்தையம்மாள் அந்தக் கடைசி எழுத்தோடு முதலாளியம்மாள் தோளில் சாய்ந்துவிட்டார்.

மேஸ்திரி மூடிய ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “துண்டு எங்கடா?”

எழுந்து நின்றேன். துண்டு நான் உட்கார்ந்த இடத்தில் கன்னங்கரேலென்று கிடந்தது.

அடுத்த கணம் எஞ்சின் நின்றது. சீமைக் கண்ணாடி ஜன்னலை ஓர் உதையில் உடைத்தார். எங்கள் முதலாளிகூட முகம் பார்த்துப் பேசத் தயங்கிய அத்தையம்மாளைக் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்துப்போட்டார். “டேய்! யார்மேல கைய வெக்கறே!” என்று முதலாளி எழுந்தார், கால் மடங்கி அங்கேயே உட்கார்ந்தார். அவரையும் பிடரியில் கைகொடுத்துத் தூக்கி வெளியே தள்ளினார். கடைசியாக என்னை. அறைந்துவிட்டுத் தள்ளினார்.

தூறலில், படகின் முன்தட்டில், பட்டுச்சேலையும் சரிகை வேட்டியுமாக எல்லோரும் கவிழ்ந்து கிடந்தோம். யார் யார் வாந்தி எடுத்தார்கள் என்று எழுதமாட்டேன், எல்லோரும் மரியாதைக்குரியவர்கள். மேஸ்திரி ஒவ்வொருவர் கன்னத்தையும் தட்டித் தட்டி, “தூங்காதே, மூச்ச இழு” என்றார். அத்தையம்மாள் மட்டும் கண் திறக்கவில்லை. மேஸ்திரி மற்றவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாள் கன்னத்தையே தட்டிக்கொண்டிருந்தார். நான் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மாள் இருமினார். கண்ணைத் திறந்தார். அன்றைக்கு முதல்முறையாக மனசில் இருந்ததைச் சொல்ல வாயையும் திறந்தார்.

“மண்டை பொளக்குது! ஏறுன நேரத்துலருந்து பொளக்குது! சம்மந்தி ஊட்டுப் படகாச்சே, எப்படிக் கொறை சொல்றதுன்னு பல்லக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.”

“எனக்குமுங்க” என்றார் தாராபுரத்துக்காரர்.

“எனக்கும்தானுங்க. ஒறம்பரைகிட்ட எப்படிங்க சொல்றது?” என்றார் முதலாளியம்மாள்.

அத்தையம்மாள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “உசுரே போனாலும் ஒருத்தர ஒருத்தர் கொறை சொல்லாத ரண்டு குடும்பம். இதுக்கு மேல என்னங்க பொருத்தம் பாக்கறது? தேதி வெச்சுப்போடுங்க.”

மேஸ்திரி எஞ்சினைத் திரும்பத் தொடவில்லை. காற்று எங்களைத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்க்கரைச் சோளக்காட்டில் சேர்த்தது. அங்கிருந்து எல்லோரும் சேற்றில் நடந்தோம்.

மறுநாள் முதலாளி கேட்டார், “சன்னல மூடுனது யாரு?”

நான் நின்ற இடத்திலேயே கரைந்துகொண்டிருந்தேன். மேஸ்திரி என் பக்கம் திரும்பவில்லை. “மூடுனது யாரா இருந்தா என்ன? ஒடச்சது நான். அதுக்குக் கணக்குப் போட்டுக்க” என்றார்.

கல்யாணம் அமோகமாக நடந்தது. படகைக் கரையேற்றிப் பருத்திக்கொட்டை கொட்டி வைத்தார்கள். படகு இல்லாத ஊரில் படகு மேஸ்திரிக்கு என்ன வேலை? ஒரு காலை வேளையில் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றார். செய்தி கேட்டு ஓடினேன். “அந்தத் துண்டு என்கிட்டத்தானுங்க இருக்குது, வெளுத்துத் தரட்டுங்களா?” என்றேன்.

“அது வெளுக்காது. நாலணா எடு.”

மடியில் இரண்டணாதான் இருந்தது. வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பஸ் நகர்ந்த பிறகு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “இப்ப தலை வலிக்குதா?” என்று கத்தினார்.

“இல்லீங்க” என்று கத்தினேன். பொய்தான்.

அந்த வருஷம் பிறந்த என் மகளுக்கு இப்போது குழந்தைகள் இருக்கிறார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஜன்னலைத் திறந்துவைப்பதாக என்னைக் கேலி செய்கிறார்கள். யாராவது கண்ணயர்ந்தால் தட்டி எழுப்பி, “தலை வலிக்குதா?” என்று கேட்பேன், திட்டும் வாங்குவேன். கறுத்த துண்டு என் பெட்டியில் மடித்தபடி இருக்கிறது. அதற்காக நான் அவருக்குத் தரவேண்டிய பாக்கி, இரண்டணா.