துறைமுகச் சத்தியம்

"தம்பி, சத்தியம் பண்ணீங்களே!" என்றார் பெரிய மாப்பிள்ளை. குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் சின்ன மாப்பிள்ளையை என்னவோ செய்தது.

மாமனார் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பலகை விரித்துத் தீவு பிடிக்கிற ஆட்டம். பேரம் பேசலாம், கூட்டுச் சேரலாம், கெஞ்சலாம். "உங்க மரக்கட்டையெல்லாம் எனக்குத் தாங்கண்ணே, துறைமுகத்தை உங்களுக்குத் திறந்து விடறேன்" என்று சகலையின் கையில் அடித்துச் சத்தியம் செய்தார் சின்ன மாப்பிள்ளை. கட்டையை வாங்கினார், கோட்டை கட்டினார், துறைமுகத்தை இழுத்து மூடினார். ஜெயித்தும் விட்டார்.

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ம்" என்றார்.

அந்த 'ம்' சின்ன மாப்பிள்ளைக்கு நல்லதாகப் படவில்லை. முழங்கால் வலி தாங்காமல் மாமனார் தன் பெயின்ட் கடையை இரண்டு மாப்பிள்ளைகளில் ஒருவரிடம் ஒப்படைக்கப் போகிறார். நாளைக்குச் சாவி கைமாறும். அடுத்தவன் கடையில் பில் போட்டே தேய்ந்துபோன சின்ன மாப்பிள்ளைக்கு இதை விட்டால் வேறு கதி கிடையாது. ஒரு பொம்மைக் கோட்டைக்காக மானத்தை விற்றுவிட்டோமே!

"கையடிச்சுச் சத்தியம் பண்ணிட்டு... வெக்கமா இல்லே உங்களுக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள் மனைவி.

வெட்கமாகத்தான் இருந்தது. கூனிக் குறுகி, சகலைக்கே ஃபோன் போட்டார்.

"அட, விடுங்க தம்பி. நாளைக்குக் காலையில இன்னொரு ஆட்டம் போடுவோம். விட்டுக்கொடுத்து ஆடுங்க, மாமா மனசு குளிர்ந்துடும்."

என்ன தங்கமான மனுஷன்! சின்ன மாப்பிள்ளைக்குக் கண் கலங்கியது.

மறுநாள் விட்டுக்கொடுத்தார். கேட்டவருக்குத் தீவைக் கொடுத்தார். கேட்காதவருக்கும் கூப்பிட்டுக் கொடுத்தார். மாமனார் பகடையைத் தொப்பென்று போட்டார்.

"என்ன மாப்பிள்ளே, விளையாடறீங்களா, தானம் பண்றீங்களா?"

சின்ன மாப்பிள்ளை பதறிப்போய்ச் சகலையைப் பால்கனிக்கு இழுத்துப் போனார். "இன்னும் கோபம் தீரலையேண்ணே!"

"ஒரே வழிதான் தம்பி. நேரா போய், 'வார்த்தை தவறினவன் நான், கடைக்கு லாயக்கில்லே'ன்னு சொல்லிடுங்க. பெரிய மனசு அவருக்கு. இந்தக் குணத்துக்கே கூப்பிட்டுச் சாவியைக் குடுத்துடுவாரு."

சொல்வதென்ன, காலிலேயே விழுந்துவிட்டார். "மாமா, நான் நம்பிக்கைத் துரோகி. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லே. கடைக்கு நான் லாயக்கே இல்லே மாமா!"

"நிஜமாவா தூங்கலே?"

"சத்தியமா மாமா."

மாமனார் பெருமூச்சு விட்டார். சாவிக்கொத்தை எடுத்துப் பெரிய மாப்பிள்ளை கையில் வைத்தார். அவர் குனிந்து பணிவாக வாங்கிக்கொண்டார்.

நமக்கு இது வேண்டியதுதான் என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனார் சின்ன மாப்பிள்ளை. அங்கே மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன் மாப்பிள்ளே இப்படிப் பண்ணிட்டீங்க? 'வியாபாரத்துக்கு இந்தச் சாமர்த்தியம்தான் வேணும், கடை சின்னவருக்குத்தான்'னு நேத்து நீங்க படியிறங்கினதுமே சொல்லிட்டாரே உங்க மாமா! பெரியவரும் பக்கத்துல உக்காந்து கேட்டுட்டுதானே இருந்தாரு, உங்ககிட்ட சொல்லலையா?"