மலை இடுக்குக்குப் பாதுகாப்பாகப் போய்வந்த விவரம்

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் மகளும் அப்படியே இருப்பீர்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன்.

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இந்தப் பயணத்துக்கு என் விசிலை உங்கள் அத்தையின் கழுத்தில் மாட்டுவதென்று முடிவெடுத்தேன். லேசில் எடுத்த முடிவல்ல. ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்த காலம் முழுவதும் அந்த விசில் என் கழுத்தைவிட்டு இறங்கியதில்லை. என் சர்வீஸில் ஒருவருக்கும் ஒரு விரல்கூட நசுங்கியதில்லை என்பதை உங்களை முதன்முதலில் சந்தித்த அன்றே சொல்லியிருக்கிறேன்.

கடலோரப் பூங்காவில் ஆறு மலையைப் பிளந்துகொண்டு கடலுக்குப் போகும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்று உங்கள் அத்தைக்கு வெகுநாள் ஆசை. அங்கே பஸ் போகாது, போன் எடுக்காது. அதனால்தான் உங்கள் புதுக் காரைக் கேட்டேன். சாவியைக் கொடுக்குமுன் நீங்கள் காரை ஒரு தடவை துணியால் துடைத்தீர்கள். மகள் வாசல்வரை வந்து, "அப்பா, அவருக்கு அது காரில்ல, கைக்குழந்தை. ஒரு கீறல் விழுந்துச்சுன்னா நான் இந்த வீட்ல இருக்க முடியாது" என்றாள். "என் சர்வீஸ்ல..." என்று ஆரம்பித்தேன். "தெரியும்ப்பா, விரல்" என்று உள்ளே போய்விட்டாள்.

பூங்கா வாசலில் இருந்த வனக்காவலர் பொறுமையான மனிதர். பாறைச் சுவரை ஒட்டிய மேட்டில் வண்டியை விடச் சொன்னார். அங்கே 'கல் விழக்கூடும்' என்று அவர்களே பலகை வைத்திருக்கிறார்கள். உங்கள் கார்மேல் கல் விழ நான் சம்மதிப்பேனா? ஆலையில் நான் வகுத்த முறைப்படி வண்டி நிறுத்துமிடம் சமதளமாக, வெட்டவெளியாக இருக்க வேண்டும், பக்கத்தில் மரமோ சுவரோ கூடாது, வண்டியின் முகம் வெளியேறும் வழியைப் பார்க்க வேண்டும். அந்தப் பூங்கா முழுக்க அப்படி ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஆற்றின் முகத்துவாரத்தில், மேசைபோல் மணல். இவ்வளவு நல்ல இடம் ஏன் காலியாகக் கிடக்கிறதென்று வியந்தபடியே நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, ஹேண்ட்பிரேக்கை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"மத்தியானத்துக்கு மேல கடல் உள்ள ஏறிடும் ஐயா, மணல்ல யாரும் நிக்காதீங்க" என்று காவலர் முன்பே எச்சரித்திருந்தார். அட்சரம் பிசகாமல் பின்பற்றினோம். இருவருக்கும் ஹெல்மெட், இடுப்போடு இடுப்பு சேர்த்துக் கயிறு. "இந்தக் கோலத்துல வந்து உங்க முதுகைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்" என்றாள் உங்கள் அத்தை. மத்தியானத்துக்கு முன்பே உயரமான பாறையில் ஏறி நின்றுவிட்டோம். எதிரே மலை இரண்டு பக்கமும் செங்குத்தாக நிற்க, நடுவில் பச்சைத் தண்ணீர். மத்தியானம் கழிந்தும் அதை நான் ரசித்துக்கொண்டிருந்தபோது பின்னால் விசில்.

"ஏங்க, திரும்பிப் பாருங்க!"

"விளிம்புல நிக்கும்போது திரும்பக் கூடாது."

"கார்ங்க!"

"விசில் உயிராபத்துக்கு மட்டுந்தான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

மறுபடியும் ஊதினாள். காவலர் ஓடி வந்தார். எங்களைப் பார்க்கவில்லை, கீழே கடலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். மரியாதை தெரிந்தவர். தன் ஜீப்பிலேயே எங்களை ஊர்வரை கொண்டுவந்து விட்டார்.

ஆக, போனவர்கள் இருவர், வந்தவர்கள் இருவர், ஒரு விரலும் நசுங்கவில்லை. உங்கள் கார்மேல் ஒரு கல்கூட விழவில்லை. பார்க்க முடிந்தவரையில் கீறலும் இல்லை.

நீங்களும் மகளும் ஒரே வீட்டில் நெடுங்காலம் சேர்ந்து வாழ எங்கள் இருவரின் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பின்குறிப்பு: சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன். காவலர் ஊருக்கு வந்தபோது போன் செய்தார். கடல் நன்றாக இறங்கும் நேரத்தில் காரின் கூரை தெரிகிறதாம்.