சாத்தூரைத் தூக்கிய கணக்கு

காற்றும் கடலும் இனிமேல் கணிதத்துக்குக் கட்டுப்பட்டே நடக்கும்.

1991 புரட்டாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பேராசிரியர் ஆராவமுதன் இப்படிப் பிரகடனம் செய்தார். கேட்பதற்குக் கல்லூரிக் கம்ப்யூட்டர் அறையில் டைப் அடிக்கும் தங்கபாய் மட்டுமே இருந்தாள். கம்ப்யூட்டர், மெமரி போதவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது.

மேற்கே மலை, கிழக்கே கடல், நடுவே நிலம். எல்லாவற்றையும் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்றும் ஈரமும் எங்கே நகரும் என்று கணக்கிடுவது அவருடைய புரோகிராம். மாதக் கடைசிக்குள் அதனால் யாருக்காவது உபயோகம் என்று நிரூபிக்காவிட்டால், கம்ப்யூட்டர் பரீட்சைப் பிரிவுக்குப் போய்விடும் என்று பிரின்சிபால் கெடு வைத்திருந்தார்.

"கட்டம் ஜாஸ்தி சார்," என்றாள் தங்கபாய்.

"விளாத்திகுளம் வரிசையை எடுத்துடும்மா."

எடுத்தாள். கம்ப்யூட்டர் ஓடியது. ராஜபாளையத்தில் மழை என்றது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஆலை வைத்திருந்த ராஜரத்தினம், பேராசிரியர் வாக்கை நம்பி, வெளுத்த துணியைக் காயப்போடாமல் உள்ளே அடுக்கினார். மறுநாள் போன் வந்தது.

"சார், வெயிலு மண்டையப் பொளக்கு. நீங்க மழைங்கிய. துணி உள்ள கெடந்து நாறுது."

ஆராவமுதன் கலங்கவில்லை. மலையை இன்னும் நுணுக்கமாகப் போட்டால் சரியாகிவிடும். மலைக்குக் கட்டம் கூடியது, மெமரி மறுபடி முட்டியது.

"சாத்தூர் வரிசையை எடு. அங்கே வெள்ளரிக்காயைத் தவிர என்ன இருக்கு?"

"எங்க அக்கா இருக்கா சார்."

"அக்கா இருக்கட்டும். கட்டத்தை எடு."

சாத்தூரும் போயிற்று. ராஜபாளையத்தில் அடைமழை என்றது கம்ப்யூட்டர். அன்றைக்கும் வெயில் கொளுத்தியது.

"சார், எம்புட்டு நாளைக்கி இப்பிடி?" என்றார் ராஜரத்தினம். "வெளிநாட்டுக்குப் போற சரக்கு. கெட்டா நாப்பது குடும்பம் தெருவுல நிக்கணும்."

கெடு முடிய இரண்டே நாள். ஆராவமுதன் மலைக்கு இன்னும் கட்டம் கூட்டினார்; மெமரி மறுபடி போதவில்லை.

"இன்னும் ஒரு வரிசை எடும்மா. மலை தாண்டினதும் வர்றதே, அது."

"சார், அது வந்து..."

"எடும்மா, எடு!"

இம்முறை அச்சாகி வந்த தாளைப் பார்த்து அவருக்கு வியர்த்தது. மலையடியில், அதாவது ராஜபாளையத்தின் தலைக்கு மேலே, புயல். தண்ணீர் மட்டம் நாலு அடி!

"எல்லாத் துணியையும் மாடிக்கு ஏத்திடுங்கோ!" என்று போனில் கத்தினார்.

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்லியே சார்?"

"ஏத்துங்கோன்னா!"

ஆலை மொத்தமும் முனகிக்கொண்டே மூட்டை சுமந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு, சுள்ளென்ற வெயிலில், துணி வெளுக்கும் தொட்டியின் சுவர் இடிந்தது. துணி கிடந்த கிடங்குக்குள் நாலு அடித் தண்ணீர்.

மறுநாள் ராஜரத்தினம் சால்வையும் இரண்டு கிலோ பால்கோவாவும் கொண்டு வந்தார். பிரின்சிபாலுக்கு முன்னாலேயே கண் கலங்கினார்.

"தொட்டி ஒடையும்னு அவியளுக்கு எப்பிடித் தெரிஞ்சதுன்னு ஆலையே கேக்கு சார். நாப்பது குடும்பம் ஒங்க பேரச் சொல்லித்தான் சோறு திங்கும்."

"எல்லாம் கணிதம்," என்றார் ஆராவமுதன் அடக்கமாக. கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கும் என்று பிரின்சிபால் அறிவித்தார். ஆராவமுதன் பால்கோவாவில் முதல் விள்ளலைத் தங்கபாய் கையில் வைத்தார்.

"நீ இல்லேன்னா இது நடந்திருக்காதும்மா."

"அந்தத் தாளக் குடுங்க சார்," என்றார் ராஜரத்தினம். "ஆலையில சட்டம் போட்டு மாட்டணும்."

தங்கபாய் தாளை எடுத்தாள், கொடுக்கவில்லை. பேராசிரியரின் காதருகே குனிந்தாள்.

"மலைக்கும் கடலுக்கும் நடுவுல நாம வச்சிருந்தது மூணே வரிச சார். கடைசியா எடுக்கச் சொன்னியளே, அதுதான் ராஜபாளையம். தாள்ல நிக்கது கடல் தண்ணி."