உப்புத்தூண் எந்த மதம்?

ஒரு விஷயத்தைப் பற்றி எதுவுமே தெரியாதவனால் பெரிய ஆபத்து கிடையாது. அதைப் பற்றி நான்கு கட்டுரை படித்தவனிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இருபத்து மூன்று வயதில் நான் ஆறு கட்டுரை படித்திருந்தேன். ஆறும் ராக் இசையின் உட்பிரிவுகள் பற்றியவை. அதன்பிறகு எந்தப் பாட்டைக் கேட்டாலும், நன்றாக இருக்கிறதா என்று யோசிப்பதற்கு முன்னால், அது எந்த வகை என்று சொல்லிவிடுவேன். (கல்யாண வீட்டு ரசத்தைக்கூட நான் அப்படித்தான் வகைப்படுத்தினேன் என்று என் தங்கை சொல்வாள். ஒரே ஒருமுறைதான்.)

அப்போது நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு ராக் பேண்டு வைத்திருந்தோம். பெயர் உப்புத்தூண். பெயர் வைத்தவன் ஜெபராஜ். துடியலூர்க்காரன், கல்லூரியில் என் பெஞ்சு, எங்கள் பாடகனும் கிட்டார்காரனும் அவன்தான். தப்பி ஓடும்போது திரும்பிப் பார்த்ததால் உப்புத்தூணாகிப்போன ஒரு பெண்ணின் கதையை ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறான். எனக்குக் கதை தெரியாது. பெயர் கனமாக இருந்தது, ஒப்புக்கொண்டேன். டிரம்ஸ் அன்சாரி. கோட்டைமேட்டில் அவன் வீட்டில் பள்ளிக்கூடப் பை தைக்கும் கடை வைத்திருந்தார்கள். எங்கள் ஸ்பீக்கருக்கு உறை தைத்துக் கொடுத்ததும் அவன்தான். பேஸ் கிட்டார் நான், குமரேசன். பல்லடத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கோழிப் பண்ணை. அமாவாசைக்கு அமாவாசை கருப்பராயன் கோயிலுக்குப் போகிற குடும்பம்.

பேஸ் கிட்டார் வாசிப்பவனின் நிலைமை உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவன் வாசித்தால் யாருக்கும் தனியாகக் கேட்காது. நிறுத்தினால் மட்டும் ஏதோ குறைகிறதே என்று தேடுவார்கள். மேடையில் பேச ஒன்றும் கிடைக்காததால் நான் மேடைக்கு வெளியே பேசினேன். பேண்டின் தத்துவவாதியாக என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

தத்துவத்துக்கு அவசியமும் இருந்தது. பாட்டு எல்லாம் ஜெபராஜ் எழுதியவை. எல்லாமே நேராக இயேசுவிடம் பேசுகிறவை. காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகிற மேய்ப்பனைப் பற்றி ஒரு பாட்டு உண்டு. (என் அப்பா அதைக் கேட்டுவிட்டு, தொண்ணூற்றொன்பதை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போகிறவன் பண்ணை நடத்த மாட்டான் என்று மட்டும் சொன்னார்.) அந்தப் பாட்டை இணையத்தில் போட்டோம். கீழே இரண்டு கட்சி கிளம்பியது. இத்தனை சத்தமாக இருக்கிற ஒன்று கிறிஸ்தவப் பாட்டே இல்லை என்றது ஒன்று. இத்தனை பக்தியாக இருக்கிற ஒன்று ராக்கே இல்லை என்றது இன்னொன்று. பேர் உப்புத்தூண், ஆளில் ஒருத்தன் அன்சாரி, ஒருத்தன் குமரேசன், இது என்ன கணக்கு என்று மூன்றாவதாக ஒருவர் கேட்டார்.

எனக்கு வாழ்க்கையில் அப்படியொரு சந்தோஷம் அதுவரை வந்ததில்லை. பேண்டின் கணக்கிலிருந்து ஒருவர் விடாமல் பதில் எழுதினேன். நாங்கள் கிறிஸ்தவ பேண்டு அல்ல, ஒரு கிறிஸ்தவர் இருக்கிற பேண்டு. எங்கள் வகை ஆல்டர்நேட்டிவ் ராக். ஸ்வரத்துக்கு ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. இப்படியே பக்கம் பக்கமாக. ஜெபராஜ் படித்துவிட்டுக் கிட்டாருக்குச் சுருதி சேர்க்கப் போய்விட்டான். அன்சாரி மட்டும் ஒருநாள் பை ஒன்றுக்கு ஜிப் வைத்துக்கொண்டே சொன்னான். “மச்சான், நான் எங்கூட்ல டிரம்ஸ் கிளாஸுக்குப் போறேன்னு சொல்லி வெச்சிருக்கேன். நீ எதையும் வெளக்காம இருந்தாப் போதும்.”

இங்கே ஜெபராஜின் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துடியலூர்ப் பக்கம் ஒரு சிறிய சபையின் செயலாளர். மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே கிடையாது. மகன் பேங்க் பரீட்சை எழுதி வேலைக்குப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. கிட்டார் அதற்குக் குறுக்கே நிற்கிறது என்பது அவர் கவலை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். ஜெபராஜ் பரீட்சை எழுதிவிட வேண்டும். அதன்பிறகு வாலிபர் கூடுகையில் எங்கள் பேண்டு வாசிக்கும். கமிட்டி கேட்டுவிட்டு, சரி என்றால் சனிக்கிழமைகளில் சபை ஹாலில் ப்ராக்டிஸ் செய்துகொள்ளலாம். சரியில்லை என்றால் கிட்டாரை விற்றுவிட வேண்டும்.

எங்களுக்கு அந்த ஹால் தேவைப்பட்டது. அதுவரை எங்கள் வீட்டுத் தீவன குடோனில்தான் ப்ராக்டிஸ். அன்சாரி டிரம்ஸை ஒரு தட்டுத் தட்டினால் பக்கத்து ஷெட்டில் குஞ்சுகள் எல்லாம் பயந்து ஒரே மூலைக்கு ஓடி, ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூச்சுத் திணறும். “ஏங்கண்ணு, பாட்டுப் படிக்கறதுக்கு உசுரு போகோணுமா,” என்று அப்பா கேட்டதில் நியாயம் இருந்தது.

இனி என் முதல் குற்றம். பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அதே காலையில்தான் ஒரு பேட்ச் கோழி லாரி ஏறி, ஷெட்டு காலியாக இருந்தது. சத்தத்துக்குப் பயப்பட ஒரு உயிரும் இல்லாத அபூர்வமான நாள். நான்தான் ஜெபராஜை வரச் சொன்னேன். பரீட்சை வருஷத்துக்கு நாலு வரும், காலி ஷெட்டு வராது என்றேன். அவன் ஹால் டிக்கெட்டோடு வீட்டிலிருந்து கிளம்பிப் பல்லடத்துக்கு வந்தான். மாலை வீட்டுக்குப் போய் நன்றாக எழுதியிருப்பதாகச் சொல்லிவிட்டான். அவன் அம்மா அன்றைக்குக் கேசரி கிண்டினார்களாம். அது தெரிந்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

கூடுகை ஒரு சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு. எனக்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டான் ஜெபராஜ், வாயைத் திறக்கக் கூடாது என்று. நான் சரி என்றேன். பையில் நான்கு பக்கத்துக்கு அச்செடுத்த கட்டுரை இருந்தது.

மேடைக்குப் போகும் முன் டீ கொடுத்தார்கள். செயலாளர் ஐயா எங்கள் பக்கம் வந்து, பிரயாணமெல்லாம் சௌகரியமாக இருந்ததா என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான்தான் ஆரம்பித்தேன். எங்கள் வகை என்ன, எங்கள் மதம் என்ன, ஏன் எங்களுக்கு மதம் இல்லை, ஏன் ஜெபராஜுக்கு மட்டும் இருக்கிறது, அது பாட்டின் பிரச்சினையா பாடகனின் பிரச்சினையா என்று டீ ஆறும் வரை விளக்கினேன். கட்டுரையையும் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, “நல்லதுங்க தம்பி,” என்றார். எங்கள் ஊரில் ஒருவர் அந்த மாதிரி “நல்லதுங்க” என்றால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். என் அப்பாவிடம் கோழி வியாபாரிகள் நூறு தடவை கேட்ட வார்த்தை. நான் அதை என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன்.

நன்றாகவே வாசித்தோம். பெருமைக்குச் சொல்லவில்லை. ஜெபராஜ் அன்றைக்குப் பாடியதுபோல் அப்புறம் எங்கேயும் நான் கேட்டதில்லை. நான் முழுக்க முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டே வாசித்தேன். காரணம், கண்ணைத் திறந்தால் தாள எண்ணிக்கை விட்டுப்போகும். ஆனால் முன்வரிசையில் இருந்த வெளியூர்ப் போதகர் ஒருவருக்கு அது வேறு மாதிரி தெரிந்திருக்கிறது. பாட்டு முடிந்ததும் மைக்கை வாங்கி, ஆவியில் நிறைந்து வாசித்த அந்தத் தம்பியே முடிவு ஜெபம் செய்யட்டும் என்று என்னைக் காட்டினார்.

இல்லைங்க, நான் சபையைச் சேர்ந்தவன் இல்லைங்க என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அதைத்தானே ஒரு மாதமாக இணையத்தில் எல்லாருக்கும் எழுதிக்கொண்டிருந்தேன். ஆனால் கொங்கு நாட்டில் வளர்ந்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. வயதில் மூத்தவர் ஒருவர் மரியாதையாக ஒன்றைக் கேட்டால், முகத்துக்கு நேராக மறுக்க வராது. மூன்றாவது முறை பரிமாறிய பொங்கலைக்கூட மறுக்காதவர்கள் நாங்கள். மைக்கை வாங்கிக்கொண்டேன். ஜெபராஜின் முகம் வெளிறிப்போனது எனக்குத் தெரிந்தது.

“ஆண்டவரே, வணக்கமுங்க,” என்று ஆரம்பித்தேன்.

அதற்குமேல் எனக்குத் தெரிந்த ஒரே வேண்டுதல், கருப்பராயன் முன்னால் என் அப்பா சொல்வது. அதுதான் வந்தது. பருவத்துக்கு மழை பெய்ய வேண்டும், கிணற்றில் தண்ணீர் ஊற வேண்டும், கரண்டு போகக் கூடாது, கோழிக்கு வெள்ளைக் கழிச்சல் வரக் கூடாது. முன்வரிசையில் ஒரு அம்மா கோழிக்கும் சேர்த்து உரக்க “ஆமென்” என்றார்கள். அந்த ஆமென்தான் என்னைக் கெடுத்தது. இருநூறு பேர் கண்ணை மூடி, நான் சொல்வதை எல்லாம் ஆமோதிக்கிறார்கள். கட்டுரை எழுதி ஒரு மாதம் போராடியும் கிடைக்காதது. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கேசரி விஷயம் மேலே வந்துவிட்டது.

“ஜெபராஜ் பேங்க் பரீட்சை எழுதலீங்க, ஆண்டவரே. அப்பாகிட்ட எழுதுனேன்னு சொல்லிப்போட்டான். ப்ராக்டிஸுக்கு வரச் சொன்னது நானுங்க. தப்பு எம்மேலதான். அவனோட கிட்டாரை மட்டும் வித்துப்போடாமப் பாத்துக்கோங்க.”

இந்த முறை ஆமென் வரவில்லை. பின்னால் டிரம்ஸிலிருந்து அன்சாரி, நண்பனைத் தனியாக விடக் கூடாது என்று, மெதுவாக “ஆமீன்” என்றான். நான் கன்னத்தில் மூன்று முறை போட்டுக்கொண்டு, விபூதிக்குக் கையை நீட்டி, நீட்டிய கை யாரிடம் போவது என்று தெரியாமல், கண்ணைத் திறந்தேன்.

செயலாளர் ஐயா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கோபமாக இருந்திருந்தால் எனக்குத் தேவலை. மகனைப் பார்த்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் ஏதோ கேட்டார். ஜெபராஜ் ஆமென்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான். பிறகு எங்கள் எல்லாருக்கும் நன்றி சொல்லி, வடை சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். (சாப்பிட்டோம். மறுக்க வராது என்று சொன்னேன் இல்லையா.)

வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என்னிடம் வந்தார். என் கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார்.

“பாட்டு எங்க பாட்டுத்தானுங்க தம்பி. அதுல கமிட்டியில யாருக்கும் சந்தேகமே இல்லீங்க. நெட்ல கேட்டுட்டு நேத்தே முடிவு பண்ணிப்போட்டோம்,” என்றார். பிறகு பாக்கெட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துக் காட்டினார். ஹால் சாவி. மகன் கையில் கொடுப்பதற்காகக் காலையிலேயே கொண்டுவந்தது. அதை மறுபடி உள்ளே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

யாரும் கேட்காத கேள்விக்கு நான்கு பக்கம் பதில் எழுதிக்கொண்டு போனவன் நான். கேட்டிருக்கக்கூடிய ஒரே கேள்வி, பரீட்சை எப்படி எழுதினாய் என்பது. அதற்கும் நானே பதில் சொல்லியாகிவிட்டது. பஸ்ஸில் அன்சாரி காந்திபுரம் வரை ஜன்னல் கம்பியில் தாளம் தட்டிக்கொண்டே வந்தான். இறங்கும்போது, “நீ பண்ணது நெசமான துஆதான் மச்சான். மைக்கை மட்டும் ஆஃப் பண்ணிருக்கலாம்,” என்றான். துஆ என்றால் அவர்கள் வீட்டில் இறைவனிடம் கேட்பது.

கிட்டார் விற்கப்படவில்லை. அடுத்த பரீட்சை முடிகிற வரை பீரோவில் பூட்டப்பட்டது. அந்தப் பரீட்சையில் ஜெபராஜ் தேறினான், வேலைக்குப் பொள்ளாச்சி போனான், உப்புத்தூண் அதோடு கலைந்தது. ஆறு மாதம் அவன் என்னோடு பேசவில்லை. பிறகு என் தங்கை கல்யாணத்துக்கு வந்தான். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “என் பாட்டு என்ன வகைன்னு ஊரு பூரா சண்டை போட்டே. நான் யாருகிட்டப் பாடறேன்னு ஒரு நாளும் என்னைக் கேக்கல.”

இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது. அவன் பாட்டு அவனுக்கு ஒரு பேச்சு. நான் அந்தப் பேச்சைக் கேட்காமல், அது எந்தப் பெட்டியில் அடங்கும் என்று அளந்துகொண்டிருந்தேன். அன்றைக்கு மைக்கைப் பிடித்து நான் யாரிடம் கேட்டேன் என்றும் எனக்குத் தெரியாது. கருப்பராயனிடமா, ஜெபராஜின் ஆண்டவரிடமா, அவன் அப்பாவிடமா. கேட்டது மனதார என்பது மட்டும் தெரியும். என் ஆறு கட்டுரைகளிலும் அதற்கு ஒரு வகை கிடையாது.

ஜெபராஜ் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் இந்தக் கதை சொல்லப்படுகிறது. சொல்பவர் அவன் அப்பா. கோழிக்கு ஆமென் சொன்ன அம்மா அவருடைய சொந்த அத்தை என்று ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தக் குடும்பத்தில் யாராவது எதையாவது மறைப்பதாகச் சந்தேகம் வந்தால், “குமரேசைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணச் சொல்லட்டுமா,” என்று மிரட்டுகிறார்களாம். குழந்தைகள்கூட உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்.

போன வருஷம் ஜெபராஜ் துடியலூரில் புதுவீடு கட்டினான். வீட்டு ஜெபத்துக்கு நானும் அன்சாரியும் போயிருந்தோம். போதகர் ஆரம்பிக்கப் போகும்போது ஜெபராஜின் அப்பா கையைக் காட்டி நிறுத்தி, முதல் ஜெபத்தைக் குமரேசு தம்பி செய்யட்டும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நிஜமாகவே கேட்டார். அவர் என்னை எப்போதோ மன்னித்துவிட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடினேன்.

ஜெபராஜ் என் காதருகே குனிந்தான். “டேய், போன வாரம் புது எலக்ட்ரிக் கிட்டார் ஒண்ணு வாங்கி அன்சாரி கடையில வெச்சிருக்கேன். எங்கூட்டுக்காரிக்குத் தெரியாது. தயவுசெஞ்சு அதைச் சொல்லிப்போடாதே.”

அந்த நொடி வரை எனக்கு அது தெரியவே தெரியாது. “ஆண்டவரே,” என்று ஆரம்பித்தேன். வீடு முழுக்கக் கண்ணை மூடியிருந்ததாக அன்சாரி பிறகு சொன்னான். ஜெபராஜின் மனைவி மட்டும் ஒரு கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளாம்.